ரகு அண்ணாவுக்கு கார்டியன் ஆனேன்

தயாளன் சார் தன் கைப்பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபோது, நான் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

புத்தம் புது பேட். மூடியைத் திறந்ததும் ஊதா மையின் வாசனை, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தின் வாசனையோடு கலந்து வந்தது.

"ஒரு நிமிஷ வேலை மேடம். இடது கை கட்டைவிரல். நீங்க கையைப் புடிச்சுக்குங்க, நான் ஒத்தி எடுத்துடறேன். துடைக்கிறதுக்குத் தேங்காய் எண்ணெயும் பஞ்சும்கூட கொண்டாந்துட்டேன்."

பஞ்சையும் எடுத்துக் காட்டினார். மனிதர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் கிளம்பியிருக்கிறார்.

தயாளன் சார் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அங்கே இரண்டாவது மாடியில் என் அண்ணா ரகுநாதனுக்கு ஒரு வீடு. மொத்தம் பன்னிரண்டு வீடுகள். கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் முன்வந்திருந்தார். பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டாயிற்று. பன்னிரண்டாவது ஆள், கீழ்க்கட்டளையில் என் வீட்டு முன்னறையில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்.

"யாருக்குத் தெரியப் போகுது மேடம்?" என்றார் தயாளன் சார், குரலைத் தாழ்த்தி.

தெரியாதுதான். அந்தக் காபியை ஆற்றி முடிக்கிறவரைக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பல்லாவரம் ஸ்டேஷனில் ஒரு திருடி

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். நடுவில் ஏறியவர்களுக்காக ஒரு வரி: பல்லாவரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊசி குத்தினவள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் முழங்கை மடிப்பைத்தான் பார்ப்பேன். நரம்பு நன்றாகத் தெரிகிறவர்கள்மேல் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

ரகு அண்ணாவுக்கு நரம்பு கயிறு கயிறாகத் தெரியும். என்னைவிட எட்டு வயது பெரியவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், அதாவது நாம் சொல்கிற டி.டி.ஆர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்காத ஆள் இல்லை; அண்ணா யாருக்கும் பதில் சொன்னதில்லை. எனக்கும்தான்.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் தாம்பரத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் தினமும் மின்சார ரயிலில் பல்லாவரம் போவேன். நடுவில் இரண்டே ஸ்டேஷன். கையில் சீசன் டிக்கெட். ஒரு நாள் காலை, பல்லாவரத்தில் இறங்கி வாசலை நோக்கிப் போனால், அண்ணா கறுப்புக் கோட்டோடு நிற்கிறார். அன்றைக்கு அவருக்கு அங்கே டியூட்டி போலிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே தாண்டப் பார்த்தேன்.

"மேடம், டிக்கெட்?"

மேடம்! இடது உள்ளங்கையை என் முன்னால் விரித்து நீட்டினார். நானும் விளையாட்டாகச் சீசனை எடுத்து வைத்தேன். கட்டைவிரலால் அதை ஒரு புரட்டு புரட்டித் தேதியைப் பார்த்தார்.

"நேத்தோட முடிஞ்சு போச்சு."

"அண்ணா, லேப்ல ஆளுங்க வெறும் வயித்தோட உக்காந்திருப்பாங்க. சாயந்தரம் எடுத்துக்கறேன்."

"பேரு?"

"விளையாடாதீங்கண்ணா."

"பேரு சொல்லுங்க மேடம். வயசு?"

"உங்களைவிட எட்டு வயசு சின்னவ!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அபராதம் வாங்கி, ரசீது எழுதி, கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் என்னை வெளியே விட்டார். செல்லாத சீசனைத் திருப்பித் தரவே இல்லை. அவர் வழக்கம் அது: செல்லுகிற டிக்கெட் என்றால் பார்த்த கையோடு திரும்பி வந்துவிடும், செல்லாதது கைக்குள்ளேயே போய்விடும்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்தால், என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது சீசன் டிக்கெட் இருந்தது. அவர் காசில் எடுத்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

இந்த மனிதருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தச் சொல்கிறார் தயாளன் சார்.

"வேண்டாம் சார்" என்றேன். "காபியைக் குடிங்க. நான் முறையா அனுமதி வாங்கிட்டு வரேன்."

முறையாக என்றால் எத்தனை ஆபீஸ் என்று அப்போது தெரிந்திருந்தால், ஒருவேளை நானே பேடைப் பிடித்திருப்பேனோ என்னவோ.

நீங்க யாரு அவருக்கு?

அண்ணாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. குளியலறையில் விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கதவை உடைத்துத் தூக்கினார்கள். நெடுநாள் ஆஸ்பத்திரி வாசம். பிறகு என் வீடு. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. கண் திறந்திருக்கும், ஆனால் எங்கே பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருந்த பத்திர எழுத்தரிடம் போனேன். அண்ணா சார்பில் நான் கையெழுத்துப் போட பவர் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என்று நினைப்பு.

"பவர் குடுக்கிறவரு சுயநினைவோட குடுக்கணும்மா. அவரு சரின்னு சொன்னாத்தானே நீங்க வாங்க முடியும்?" என்றார்.

சரி என்று சொல்ல முடிந்தவராக இருந்தால் நான் ஏன் ஐயா இங்கே வெயிலில் நிற்கிறேன்?

அடுத்து செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ். அங்கே கார்டியன் நியமிக்க ஒரு கமிட்டி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போய்ச் சேரவே பாதி நாள் போனது. கவுண்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"பேஷன்ட்டுக்கு மனைவி?"

"இல்லை."

"பிள்ளைங்க?"

"இல்லை."

"அப்ப நீங்க யாரு அவருக்கு?"

"தங்கச்சி."

"தங்கச்சி மட்டும்தானா?" என்றாள்.

மட்டும்தான் என்றேன். ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். மூளை வளர்ச்சிக் குறைபாடு மாதிரிச் சின்ன வயதிலிருந்தே இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கமிட்டி, நடு வயதுக்குமேல் இப்படி விழுந்தவர்களுக்கு அல்ல என்று விளக்கி, "ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும்மா, ஒரு வக்கீலைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினாள். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

துணிக்கொடிக்குக் கீழே ஒரு வக்கீல்

வக்கீல் பானுவின் ஆபீஸ் மாடம்பாக்கத்தில், கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அவர் வீட்டு மாடியில். கக்ஷிக்காரர்கள் உட்காரும் இடத்துக்குமேலே துணி காயும். முதல் நாள் என் தலைமேல் ஒரு பள்ளிக்கூடச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

"குழந்தைக்கு கார்டியன் போட சட்டம் இருக்கு மேடம். உங்க அண்ணா மாதிரிப் படுத்துட்டவங்களுக்குன்னு தனியா ஒரு சட்டம் கிடையாது. அதனால ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டு, நீங்களே பாத்து ஒரு ஆளை நியமிங்கன்னு கேக்கணும். டாக்டர் சர்டிபிகேட், கூடப் பொறந்தவங்க சம்மதம், வீட்டுப் பத்திரம். இது மூணும் கொண்டாங்க."

கூடப் பிறந்தவர்கள் என்றால் நானும், கேளம்பாக்கத்தில் இருக்கும் தம்பி மோகனும்தான். ஆபீஸ் விட்டு வந்தவன், டீக்கடைப் பலகைமேல் காகிதத்தை வைத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். "நீ பாத்துக்கோக்கா. நீ பாத்தா சரியா இருக்கும்" என்றான். இதை அவன் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பத்திரம் அண்ணா வீட்டில் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஒரே பூஞ்சை வாசனை. கூடத்துக் கூரையிலிருந்து சிமெண்ட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. போன மழையில் மாடிப்படிக்குமேல் ஒரு பெரிய துண்டு விழுந்ததாகவும், ஒரு நிமிஷம் முன்னால்தான் தயாளன் சாருடைய பேத்தி அந்தப் படியில் இறங்கிப் போனாள் என்றும் கீழ்வீட்டு அம்மாள் சொன்னாள். தயாளன் சார் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

பீரோவில் பச்சை ஃபைல். வீட்டுப் பத்திரம், வரி ரசீது எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள்ளே என் செல்லாத சீசன் டிக்கெட். கூடவே அபராத ரசீதின் கார்பன் காப்பி. ஆதாரத்தைக்கூட விடாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார் மனிதர். தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது மூக்கைத் துடைக்க வேண்டியிருந்தது.

ஒரு வரி சேர்த்தேன்

வக்கீல் பானு மனுவை இங்கிலீஷில் அடித்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது பத்தியில் நிறுத்தினேன்.

"என்னது? திரும்பச் சொல்லுங்க."

"மேற்படி ரகுநாதன் தன்னைச் சுற்றி நடப்பதை அறிந்துகொள்ளும் நிலையில் இல்லை."

"அதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"டாக்டர் எழுதினதைத்தான் போட்டிருக்கேன் மேடம். அறியற நிலையில இருந்தார்னா கோர்ட்டு எதுக்கு கார்டியன் போடும்?"

பானு சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எனக்கு ஒரு சங்கதி தெரியும்.

அண்ணாவைப் பகலில் பார்த்துக்கொள்ள செல்வி என்று ஒருத்தி வருவாள். கீழ்க்கட்டளைக்காரி, கை சுத்தம், வாய் ஓயாது. ஒரு நாள் குளிப்பாட்டி முடித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க வந்து பாருக்கா. டி.டி.ஆர். சாரு மாத்திர சீட்ட கைல வாங்கிக்கினு உடவே மாட்றாரு. இன்னா பண்றாரு தெரிமா? திருப்பித் திருப்பிப் பாக்கறாரு!"

போய்ப் பார்த்தேன். இடது கையில் மருந்துச் சீட்டு. கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து, அதைப் புரட்ட, சீட்டின் மறுபக்கம் மேலே வந்தது. பல்லாவரம் ஸ்டேஷனில் பார்த்த அதே புரட்டல். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிரித்து எடுக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அன்றிலிருந்து விளம்பர நோட்டீஸ், கேஸ் ரசீது, எதை வைத்தாலும் இதே கதைதான். எல்லாமே செல்லாத டிக்கெட்.

டாக்டரிடம் சொன்னேன். "உள்ளங்கையில எது பட்டாலும் விரல் மூடிக்கும்மா. பச்சைக் குழந்தைக்கு மூடற மாதிரி. அதை வெச்சு அவருக்குப் புரியுதுன்னு எடுத்துக்காதீங்க" என்றார். குழந்தைகள் தேதி பார்ப்பதில்லையே டாக்டர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வக்கீலிடம் சொன்னேன்: "'என்று மருத்துவர் கூறுகிறார்'னு கடைசில சேத்துடுங்க. அப்பத்தான் கையெழுத்து."

பானு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்தார்.

வீட்டில் ஒரு காகிதம் இருக்கக் கூடாது

கோர்ட்டு, நேரில் பார்த்து அறிக்கை தரும்படி வருவாய்த் துறைக்கு உத்தரவிட்டது. ஒரு காலையில் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ. அம்மாவும் கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நான் செய்த முதல் வேலை, அந்த அறையிலிருந்த காகிதங்களை எல்லாம் அப்புறப்படுத்தியது. செய்தித்தாள், மருந்துச் சீட்டு, சுவரில் இருந்த தினசரி காலண்டர் உள்பட. அண்ணா எதையாவது புரட்டி, இவர்கள் 'புரிகிறது' என்று எழுதிவிட்டால் மனு போச்சு. மனு போனால் கட்டடம் அப்படியே நிற்கும். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் இறங்கும் குழந்தை என் கண்ணிலேயே நின்றது.

'மருத்துவர் கூறுகிறார்' என்று வீறாப்பாகச் சேர்க்கச் சொன்னவளும் இதே நான்தான்.

செல்வி காலண்டரைக் கழற்றிக்கொண்டே, "இன்னாக்கா, சாரு நல்லாக்கீறாருன்னு தெரிஞ்சா நல்லதுதான?" என்றாள்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வேலையைப் பாரு செல்வி."

பாவம், அவளைத் திட்டினேன்.

ஆர்.ஐ. அம்மா நடுத்தர வயது. அதிகம் பேசவில்லை. கட்டிலருகே குனிந்து, "ரகுநாதன் சார், ரகுநாதன் சார்" என்று நாலைந்து தடவை கூப்பிட்டார். ஒன்றுமில்லை. கையைத் தட்டிப் பார்த்தார். கண் இமைத்தது, அவ்வளவுதான். போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு மூச்சு ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அப்போதுதான் வி.ஏ.ஓ. பையிலிருந்து ஒரு ஸ்டாம்ப் பேடை எடுத்தார்.

"நேர்ல விசாரிச்சோம்னு ஒரு ரேகை வாங்கிடலாம் மேடம். வழக்கமா வாங்கறதுதானே."

விசாரணைத் தாளை அண்ணாவின் இடது கைக்கு அடியில் நகர்த்தினார். விரல்கள் மூடின. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டைவிரல் அசைந்தது. தாள் மெதுவாகப் புரண்டு, எழுதாத பின்பக்கம் மேலே வந்தது.

வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். "செக் பண்றாருங்க மேடம்!"

ஆர்.ஐ. அம்மா சிரிக்கவில்லை. "நினைவில்லாதவர்கிட்ட என்னய்யா ரேகை? பேடை உள்ள வை" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் எழுதினது இருக்கட்டும்மா. கூட இருக்கிறவங்க நீங்க. இவருக்குப் புரியுதா?"

வெறும் அனிச்சைச் செயல் மேடம் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். டாக்டர் சொன்னதுதானே, பொய்கூட இல்லை. செல்வி வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்தவர் என்னிடம் அபராதம் வாங்கின ஆள்.

"எனக்குப் புரியுதுன்னுதான் தோணுது மேடம்" என்றேன். "டாக்டர் இல்லேங்கறார். எது நிஜம்னு சத்தியமா எனக்குத் தெரியலை. ஆனா அவரால கையெழுத்துப் போட முடியாது, ஒரு வார்த்தை சொல்ல முடியாது, எழுந்து போய்த் தன் வீட்டைப் பாக்க முடியாது. அது நிஜம்."

"அதை அப்படியே எழுதிக்கறேன்" என்று எழுதினார். தாளை அண்ணாவின் கையிலிருந்து எடுக்க முடியாமல், வேறு தாளில்.

அன்று சாயந்தரம் தயாளன் சாருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஏன் மேடம்?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நீதிபதி கேட்ட கேள்வி

கோர்ட்டு ஹாலில் குளிர் தாங்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் பானு என்னை முன்னால் வரச் சொன்னார். நீதிபதி அறிக்கையைப் படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பவும் படித்தார். அந்த இடம் எது என்று எனக்குத் தெரியாதா?

தமிழிலேயே கேட்டார்.

"அம்மா, வீட்டை இடிக்கப் போறது உங்க அண்ணாவுக்குத் தெரியுமா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று பானுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தெரியாதுங்க. நான் சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

எங்கள் குடும்பத்தில் வழக்கம் அது. படுத்திருப்பவர் காதில் கெட்ட செய்தி போடக் கூடாது. அண்ணாவின் நெருங்கிய நண்பர் இறந்ததைக்கூட மொட்டை மாடியில் நின்றுதான் பேசிக்கொண்டோம். அந்த வீடு அவர் பார்த்துப் பார்த்து வாங்கியது.

"சொன்னா வருத்தப்படுவாருங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"புரியாதவர் எப்படிம்மா வருத்தப்படுவார்?"

ஹாலில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை மாதம் அவருக்காக ஊரெல்லாம் அலைந்தேன். வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும், பில்டருக்குத் தெரியும், கொடியில் காய்ந்த சட்டைக்குக்கூடத் தெரியும். வீட்டுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

மனுவை அனுமதித்தார். என்னை கார்டியனாக நியமித்து உத்தரவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: அவர் சொத்து சம்பந்தமாக எது செய்தாலும், முன்கூட்டியே அவரிடம் எளிய வார்த்தைகளில் சொல்ல வேண்டும், பதில் வந்தாலும் வராவிட்டாலும், சொன்னேன் என்று எழுதி வைக்க வேண்டும்.

பானு வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டோம் மேடம்!" என்றார். நான் தலையாட்டினேன்.

செல்லும், செல்லாது

உத்தரவு நகல் வந்த அன்று மதியம், செல்வியைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முத்திரை குத்திய தாளை அண்ணாவின் இடது கையில் வைத்தேன். விரல் மூடியது. கட்டைவிரல் புரட்டியது. இறுக்கிக்கொண்டார்.

"அண்ணா, நான் கோமதி பேசறேன்" என்று ஆரம்பித்தேன். அவரிடம் தினமும்தான் பேசுகிறேன். கஞ்சி, மாத்திரை, கொசு. இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

"உங்க வீட்டை இடிக்கப் போறாங்கண்ணா. கூரையெல்லாம் பேந்து விழுது. தயாளன் சார் பேத்தி தலையில விழ இருந்தது. அதே எடத்துல புதுசா கட்டுவாங்க. உங்களுக்கு அதே ரெண்டாவது மாடி. ரயில் சத்தம் கேக்கற பக்கமாவே கேட்டிருக்கேன். பச்சை ஃபைல் என்கிட்டத்தான் இருக்கு. என் சீசன் டிக்கெட்டையும் பாத்தேன்."

கண் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்புதான். இப்ப கேக்கறேன். வேண்டாம்னா அந்தப் பேப்பரை விடாதீங்க. சரின்னா குடுத்துடுங்க. நானா புடுங்க மாட்டேன்."

வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவர் விடாவிட்டால்? பதினோரு குடும்பத்துக்கும் என்ன பதில் சொல்வேன்? கையில் ஹைகோர்ட்டு உத்தரவு இருக்கிறது, அதுவும் அவர் கையில்.

அவர் விடவில்லை.

ஒரு மணி ஆனது. செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, மொள்ளமா இஸ்துக்கவா?"

"வேண்டாம். தொடாதே."

தயாளன் சார் போன் செய்தார். "ஆர்டர் வந்துடுச்சாமே மேடம், நாளைக்கே கையெழுத்தை வச்சுக்கலாமா?" என்றார். "இன்னும் அண்ணாகிட்ட பேசி முடிக்கலை சார்" என்றேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். பால்காரர் மணி அடித்த சத்தத்தில் விழித்துக்கொண்டேன். உத்தரவு நகல் அண்ணாவின் மார்புமேல் கிடந்தது, ஓரம் லேசாகக் கசங்கி. செல்வி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்; அவள் இந்தப் பக்கமே வரவில்லை என்று சத்தியம் செய்தாள்.

தூக்கத்தில் பிடி தளர்ந்திருக்கும் என்பார் டாக்டர். இருக்கலாம். நான் அதை எடுத்து மடித்து, நோட்டில் தேதி போட்டு, 'அண்ணாவிடம் சொன்னேன். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த இடது உள்ளங்கை என் பக்கமாக விரிந்து கிடந்தது. பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் நீட்டின மாதிரியே.

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. என் கையை எடுத்து அதில் வைத்தேன்.

விரல்கள் மூடிக்கொண்டன. விளக்கேற்றும் நேரம்வரை விடவில்லை.